இருநூற்றுப் பதினெட்டாவது கெய்ஷா

என் கணவர் பிலேந்திரனிடம் இருநூற்றுப் பதினேழு கெய்ஷாப் பெண்கள் இருந்தார்கள். பயப்பட வேண்டாம், எல்லோரும் அட்டையில்தான். நூறு, நூற்றிருபது வருடங்களுக்கு முன்பு யப்பானில் அச்சடித்து, கையால் நிறம் தீட்டி, கப்பல் கப்பலாக உலகத்துக்கு அனுப்பிய பழைய அஞ்சலட்டைகள். குடை பிடித்த பெண், கண்ணாடி பார்க்கிற பெண், ரிக்‌ஷாவில் இருக்கிற பெண், மூன்று நரம்பு வாத்தியம் மீட்டுகிற பெண். ஒஸ்லோ நகரத்தின் ட்வெய்ட்டாவில் எங்கள் ஒன்பதாம் மாடி வீட்டில் விருந்தினர் அறை என்று ஒன்று உண்டு. இருபத்தைந்து வருடமாக அங்கே இந்தப் பெண்கள்தான் விருந்தினர்.

கெய்ஷா என்றால் ஆடலும் பாடலும் முறையாகப் படித்து, சபையில் இருந்து பேசி மகிழ்விக்கிற கலைஞர் என்று இவர் வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். வருகிறவர்கள் தலையாட்டிக்கொண்டே என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் ஒருத்தி கேட்டே விட்டாள்.

"ரஞ்சி அக்கா, மாதாவின்ர படம் இருக்கிற வீட்டிலை உப்பிடிப் பெண்டுகளின்ர படமும் வைச்சிருக்கிறியளாம்?"

"மாதா சுவரிலை. அவையள் அலுமாரிக்குள்ளை. ரெண்டு பகுதிக்கும் இதுவரைக்கும் ஒரு சண்டையும் வரேல்லை" என்றேன்.

என் பெயர் மரியரஞ்சனி. எனக்கு வாய் கொஞ்சம் கூட என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் இதே நகரத்தில் ஸ்டோவ்னரில் இருக்கும் என் தமையன் யூலியனின் பேச்சைக் கேட்டதில்லை.

இவர் அப்படியல்ல. அளந்து பேசுகிறவர். தொடர்மாடிக் குடியிருப்பு ஒன்றில் பராமரிப்பாளர். பனி வழிப்பது, மின்குமிழ் மாற்றுவது, அடைத்த குழாயைத் திறப்பது எல்லாம் இவர்தான். வயதானவர்கள் இறந்துபோனால் பிள்ளைகள் வந்து வீட்டைக் காலி செய்வார்கள். பழைய படங்கள் மூட்டை மூட்டையாகக் குப்பை அறைக்கு வரும். ஒருமுறை அப்படி வந்த அல்பம் ஒன்றை உடனே எடுக்காமல் மூன்று நாள் தன் மேசையில் வைத்து, கதவில் அறிவித்தல் ஒட்டி, ஒருவரும் வராத பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மற்றபடி வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பள்ளிக்கூடங்களில் நடக்கிற பழைய சாமான் சந்தைகளில் காலை ஒன்பது மணிக்கே வரிசையில் நிற்பார். மற்றவர்கள் சோபாவுக்கு ஓடுவார்கள். இவர் சப்பாத்துப் பெட்டிகளுக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்பார்.

ஏன் கெய்ஷா? இந்தக் கதையைக் கேட்காத தமிழர் ஒஸ்லோவில் குறைவு. கலியாண வீடுகளில் இவரைப் பிடித்து இருத்திச் சொல்லச் சொல்வார்கள். இவர் வெட்கப்பட்டுச் சொல்வார். பக்கத்தில் யூலியன் அண்ணை இருந்து, இவர் விட்ட இடங்களை நிரப்புவார். எல்லோருக்கும் முதல் அவர்தான் சிரிப்பார்.

1989ஆம் ஆண்டு. இவரும் அண்ணையும் வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை. ஒரே அறை, ஒரே சட்டி. இவருக்கு ஊரில் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. பெண் பாசையூர் றெஜினா, சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ரீச்சர். அடுத்த வருடம் கூப்பிடுவதாக ஏற்பாடு. அந்த நேரம் யப்பானுக்கு ஏற்றுகிற மீனைப் பார்வையிட அங்கிருந்து ஒரு மனிதர் வந்து இரண்டு கிழமை நின்றார். போகும்போது தொழிலாளருக்கு ஆளுக்கொரு பழைய அஞ்சலட்டை கொடுத்தார். தகப்பனின் கடையில் விற்காமல் கிடந்தவையாம். இவருக்குக் கிடைத்ததில் நீல உடுப்புப் பெண்ணொருத்தி, சிவப்புக் குடை பிடித்து, கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கொண்டையிலிருந்து பூச்சரம் தொங்கும்.

அந்த அட்டையின் பின்பக்கத்தில் இவர் றெஜினாவுக்கு எழுதினார். அந்தக் காலத்தில் ஊருக்குப் போகிற தபாலை நம்பேலாது. எங்கள் அம்மாவுக்குக் கடும் வருத்தம் என்று கேள்விப்பட்டு அண்ணை ஊருக்கு வெளிக்கிட்டார். இவர் அட்டையை அவரிடம் கொடுத்துவிட்டார்.

வெளிநாட்டு மாப்பிள்ளையிடமிருந்து ஒரு பெண்ணின் படம் வந்தால் அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே கருத்துத்தான். பட்டுடுத்து, பூ வைத்து, முகத்துக்குப் பூசி, பிறகு அந்தப் படத்துக்குக் கையால் நிறமும் தீட்டுவது கலியாணத்துக்கு மட்டும்தான். எங்கள் ஊர் ஸ்ரூடியோக்களில் அப்போது அதுதான் வழக்கம். சும்மா கிடந்த ஒருத்திக்கு ஆர் மினக்கெட்டு நிறம் பூசுவது? றெஜினாவின் தகப்பன் அட்டையைப் பார்த்தார். மாப்பிள்ளை யப்பான்காரியைக் கட்டிவிட்டார், வெட்கம் கெட்டதனமாகக் கலியாணப் படத்தையும் அனுப்பியிருக்கிறார் என்று முடிவுகட்டினார். சம்பந்தம் அன்றோடு முறிந்தது.

"பின்னாலை வாசிக்கேல்லையோ?" என்று கலியாண வீட்டில் யாராவது கேட்பார்கள்.

"பின்னாலை ஆர் பாக்கினம்?" என்பார் அண்ணை. "முன்னாலை கண்ட உடனையே அந்தாள் துள்ளத் தொடங்கீட்டார். நான் சொல்லச் சொல்லக் கேக்கேல்லை."

எல்லோரும் வயிறு நோகச் சிரிப்பார்கள். இவருக்கு 'யப்பான் மாப்பிள்ளை' என்று பெயரே வந்துவிட்டது. இவர் அதற்குப் பிறகு இரண்டு கடிதம் எழுதியிருக்கிறார். இரண்டும் பிரிக்காமலே திரும்பி வந்தன. வருடம் முடிவதற்குள் றெஜினா கனடாவுக்குக் கலியாணம் கட்டிப் போய்விட்டார்.

இவர் ஒருநாளும் அந்தக் குடும்பத்தைத் திட்டியதில்லை. "அந்தாளும் பிள்ளையைப் பெத்தவர்தானே. ஒரு கார்ட்டாலை வந்த பிழை. ஆரும் வேணுமெண்டு செய்யேல்லை" என்பார். இந்த மனிதர் இத்தனை வருடம் கசப்பில்லாமல் இருந்தது அந்த ஒரு வசனத்தால்தான். ஆரும் வேண்டுமென்று செய்யவில்லை.

1992இல் என்னைக் கட்டினார். அண்ணைதான் கேட்டது. 'மச்சான், எனக்கொரு தங்கச்சி இருக்கிறாள்' என்றாராம். இவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஓம் என்றாராம். ஹம்மர்பெஸ்டில் நான் வந்து இறங்கியபோது குளிரில் பல்லுக் கிட்டியது. இவர் தயாராக ஒரு சிவப்புக் கம்பளிச் சட்டை கொண்டுவந்து போர்த்தினார். தோள் எனக்குப் பெரிதாக இருந்தது. ஆனாலும் அதற்குள் நான் ராணி மாதிரித்தான் நின்றேன். உண்மையைச் சொன்னால், அந்த யப்பான்காரிக்கு மனதுக்குள் எத்தனையோ தரம் நன்றி சொல்லியிருக்கிறேன்.

வந்த மூன்றாம் கிழமை நானும் அதே தொழிற்சாலைக்குப் போனேன். எனக்குத் தந்தது வெளிச்ச மேசை. வெள்ளைக் கண்ணாடிக்குக் கீழே விளக்கு எரியும். மேலே மீன் சதையைப் போட்டால் உள்ளே கிடக்கிற புழு நிழலாகத் தெரியும். கத்தி நுனியால் கிள்ளி எடுக்க வேண்டும். ஐந்து வருடம் அதே வேலை. பிறகு ஒஸ்லோவுக்கு வந்து முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் சேர்ந்தேன். ஆனால் அந்தக் கண் போகவில்லை. இவர் கழித்துவிட்ட படிக்கட்டு விளக்கு ஒன்றையும் வெள்ளை பிளாஸ்டிக் தகடு ஒன்றையும் வைத்து எனக்கொரு சின்ன வெளிச்சப் பெட்டி செய்து தந்தார்.

புது அட்டை எது வந்தாலும் முதலில் என்னிடம்தான் தருவார். "நீர் ஒருக்காப் பாரும்" என்பார். நான் படத்தைக் கவிழ்த்து வைத்து விளக்கைப் போடுவேன். மூலை உடைந்து ஒட்டியிருந்தால் தெரியும். முத்திரை உரித்த இடம் தெரியும். பிறகு யாரோ புதுச் சாயம் பூசியிருந்தால் அது தடித்துத் தெரியும். விற்கிறவன் என்ன சத்தியம் செய்தாலும், நான் சரி என்றால்தான் அது அல்பத்துக்குள் போகும். சில தம்பதிகள் சேர்ந்து விடுமுறைக்குக் கனரி தீவுக்குப் போவார்கள். நாங்கள் சேர்ந்து அட்டை பார்த்தோம். அவர் கண்டெடுப்பார், நான் பார்த்துச் சொல்வேன், அவர் நம்புவார். எனக்கு அது போதுமாயிருந்தது.

அல்பத்தின் முதல் இடம் மட்டும் வெறுமை. நீல உடுப்புக்காரிக்காக விட்டது. அதே பெண்ணை வேறு பதினொரு அட்டைகளில் கண்டுபிடித்துவிட்டோம். காது மடலை வைத்து நான்தான் பிடித்தேன். ஒன்றில் பச்சை உடுப்பு, ஒன்றில் ஊதா. தீட்டினவர்கள் தங்கள் பாட்டுக்குத் தீட்டியிருக்கிறார்கள். ஆனால் நீலமும் சிவப்புக் குடையும் மட்டும் கிடைக்கவேயில்லை.

எங்கள் மகள் எம்மா துரொண்ட்ஹைமில் படிப்பிக்கிறாள். போன டிசம்பரில் நத்தாருக்கு வந்தபோது அல்பத்தைப் படம் பிடித்து இணையத்தில் போட்டாள். முதல் இடம் ஏன் வெறுமை என்ற கதையையும் எழுதினாள். பிள்ளைக்கு அது ஒரு நல்ல பகிடி. அதை ரொறொன்ரோவில் றெஜினாவின் மகள் பார்த்து, தாய்க்குக் காட்டியிருக்கிறாள்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கனடாவிலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே நீல உடுப்புக்காரி. முப்பத்தாறு வருடம் கழித்து, முதல் தடவையாகத் தபாலில் வந்திருந்தாள். கூடவே ஒரு சின்னக் கடிதம். இவர் வாசித்துவிட்டு என்னிடம் தந்தார்.

'திரு. பிலேந்திரன் அவர்களுக்கு, இந்த அட்டை உங்களிடம் இல்லை என்று என் மகள் சொன்னாள். இவ்வளவு காலமும் என் செபப் புத்தகத்துக்குள் இருந்தது. எனக்கு இனித் தேவையில்லை. கடவுள் கிருபையால் நான் நன்றாக இருக்கிறேன். மூன்று பிள்ளைகள். உங்களில் கோபம் இல்லை. அந்த நேரம் ஒன்றுதான் மனதை வருத்தியது. வேறொருத்தியைக் கட்டியதைச் சொல்ல ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். வெறும் பெயரை மட்டும் போட்டு அனுப்பினீர்கள். றெஜினா.'

நான் அட்டையைத் திருப்பினேன். கீழ் மூலையில் பென்சிலால் 'பிலேந்திரன்' என்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

"நான் எழுதினனான், ரஞ்சி" என்றார். "முழுக்க எழுதினனான். இடம் காணாமல் ஓரத்திலையும் எழுதினனான்."

"என்னத்தாலை எழுதினனீங்கள்?"

"பக்டரிப் பென்சிலாலை. பெட்டிக்கு இலக்கம் போடுற தடிச்ச பென்சில்."

அந்தப் பென்சில் எனக்கும் தெரியும். ஈரத்தில் பேனை எழுதாது. அங்கே எல்லோர் காதிலும் அதுதான் செருகியிருக்கும். இவருடையது அழுத்தி எழுதுகிற கை. நான் வெளிச்சப் பெட்டியை எடுத்துவந்து அட்டையை வைத்தேன். பெயர் இருந்த மூலை மட்டும் இருட்டாகவும் மற்ற இடமெல்லாம் வெளிச்சமாகவும் தெரிந்தது. அழிறப்பர் தேய்த்துத் தேய்த்துக் கடதாசி அங்கெல்லாம் மெலிந்திருந்தது. எழுதாத அட்டை அல்ல அது. எழுதி அழித்த அட்டை.

திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்தேன். பென்சில் கீறிய பள்ளங்கள் நிழலாக எழும்பின. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். என் கணவர் இன்னொருத்திக்கு எழுதினதை, அவருக்குப் பக்கத்தில் இருந்து, என் வாயால்.

"றெஜி, முன்பக்கம் நிக்கிறவவைப் பாத்துப் பயப்பிடாதையும். எங்கட மீனைப் பாக்க வந்த யப்பான்காரர் தந்த படம். நல்ல வடிவெண்டு அனுப்புறன். நீர் அதைவிட வடிவு."

நிறுத்தினேன். இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மிச்சத்தையும் வாசித்தேன்.

"இஞ்சை பனி இடுப்பளவு. உமக்குக் குளிருமெண்டு ஒரு சிவப்புக் கம்பளிச் சட்டை வாங்கி வைச்சிருக்கிறன்."

தோள் ஏன் பெரிதாயிருந்தது என்று முப்பத்துமூன்று வருடம் கழித்து விளங்கியது. அந்தச் சட்டை இப்போதும் நிலவறையில் பெட்டிக்குள் இருக்கிறது. நான் அதை எறிய மனமில்லாமல் வைத்திருந்தேன்.

கடைசி வரிகள் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தன. எனக்குக் கண் கலங்கி எழுத்துத் தெரியவில்லை. இவரே மனதில் இருந்து சொன்னார்.

"கார்ட்டை யூலியனிட்டைக் குடுத்துவிடுறன். என்னைப் பற்றி என்ன கேக்கிறதெண்டாலும் அவனைக் கேளும். அவன் சொல்லுறது நான் சொல்லுறது மாதிரித்தான்."

அந்த அட்டையை ஹம்மர்பெஸ்டிலிருந்து பாசையூருக்குக் கொண்டுபோனது ஒரே ஒரு கை. பெயரை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை அழிக்கிற அளவுக்கு அந்தக் கைக்கு நிதானமும் இருந்திருக்கிறது.

இவர் விளக்கை நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"உமக்குத் தெரியுமே?"

"இல்லை. சத்தியமாய்த் தெரியாது."

"சரி" என்றார். அந்தச் 'சரி' முழுதாக இருந்தது. அன்றைக்கு அவர் என்னை நம்பினார். அதை நான் பிறகு எத்தனை தரம் நினைத்துப் பார்த்திருப்பேன்.

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்து அண்ணை வழக்கம்போல எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அண்ணி இறந்த பிறகு எட்டு வருடமாக அப்படித்தான். நான் சோற்றையும் நண்டுக் கறியையும் வைத்தேன். அவர் நண்டுக் காலை உடைத்து இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். இவர் வெளிச்சப் பெட்டியைக் கொண்டுவந்து அவருடைய சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்து, அட்டையை அதன்மேல் வைத்து விளக்கைப் போட்டார்.

"மச்சான், இதை ஒருக்கா வாசி."

அண்ணை குனிந்து பார்த்தார். முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. பிறகு கையில் இருந்த நண்டுக் காலைக் கோப்பையில் வைத்தார்.

"எங்காலை எடுத்தனீ?"

"அவ அனுப்பினவ."

"ம்" என்றார் அண்ணை. மறுப்பார் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் கொஞ்சமாவது வெட்கப்படுகிறார் என்று ஆறியிருப்பேன். "அது பழைய கதை, மச்சான். நான் அதைத் தொண்ணூறாம் ஆண்டே பாவசங்கீர்த்தனத்திலை சொல்லிப்போட்டன். பெரிய வெள்ளிக்கு முதல் நாள். சுவாமியார் பாவமன்னிப்புத் தந்தவர். கடவுள் மன்னிச்சு முப்பத்தைஞ்சு வருசமாகுது."

"நீங்கள் குழப்பினது கடவுளின்ர கலியாணமே, அண்ணை?" என்றேன். "இந்த மனிசனிட்டை ஒரு நாள் சொன்னனீங்களே? ஒவ்வொரு கலியாண வீட்டிலையும் பக்கத்திலை இருந்து சிரிச்சனீங்களே, எப்பிடி ஏலுமாயிருந்தது?"

"நான் ஆருக்காகச் செய்தனான்?" அண்ணை இப்போது இவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "ஊரிலை அப்ப என்ன நிலைமை? பொடி பெட்டையளை வைச்சுக்கொண்டு ஒவ்வொரு வீடும் என்ன பாடு பட்டது? பக்டரிக்கு முன்னாலை எடுத்த படத்தை நான் உனக்கு அனுப்பினன். நீ என்ன எழுதினனீ? மறந்துபோனியே?"

நான் மறந்துதான் போயிருந்தேன். அவர் சொன்னதும் ஞாபகம் வந்தது. பனிக்குள் பன்னிரண்டு பேர் நிற்கிற படம். எனக்கு இருபத்தொரு வயது.

"'உங்களுக்குப் பக்கத்திலை தொப்பியில்லாமல் நிக்கிறவர் ஆர் அண்ணா? நல்ல முகம்' எண்டு எழுதினாய். நீ அப்பிடி ஒண்டைக் கேக்கிற பிள்ளையில்லை. அவனுக்கு வேறை இடத்திலை முற்றாயிட்டுது. நான் தமையன். பாத்துக்கொண்டு இருக்கேலுமே? அவையின்ர படலையிலை நிண்டுதான் அழிச்சனான். அந்தாள் கேட்டவர், இது ஆர் தம்பி எண்டு. என்னட்டைக் கேக்காதேங்கோ ஐயா எண்டு மட்டும் சொன்னனான். பொய் ஒண்டும் சொல்லேல்லை."

பொய் சொல்லவில்லையாம். அதில் அவருக்கு ஒரு பெருமை.

"இப்ப ஆர் கெட்டுப்போனது?" என்றார். "அவ கனடாவிலை நல்லாயிருக்கிறா. நீங்கள் ரெண்டு பேரும் நல்லாயிருக்கிறியள். நியாயமாப் பாத்தா எனக்கொரு நன்றி சொல்லவேணும்."

இவர் அண்ணையை அறையிலிருந்த ஒரு தளபாடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழும்பி அண்ணையின் கோப்பையை எடுத்தேன். பாதிச் சோறு கிடந்தது.

"கையைக் கழுவுங்கோ அண்ணை."

"என்ன?"

"கையைக் கழுவிப்போட்டு வெளிக்கிடுங்கோ. இனி இஞ்சை வராதேங்கோ."

இதுவரை யாரையும் நான் சாப்பாட்டில் இருந்து எழுப்பியதில்லை. சொந்தத் தமையனை எழுப்பினேன். சப்பாத்துப் போடும்போது, "கோபம் ஆறின பிறகு ரெலிபோன் எடு" என்றார். கதவைச் சாத்தினேன். என்னைச் சீதனப் பெட்டி மாதிரிக் கட்டித் தூக்கி இன்னொருத்தியின் சட்டைக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு அன்பு என்று பெயர். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப்பெரிய நல்லதும் மிகப்பெரிய துரோகமும் ஒன்றேதான் என்று தெரிந்தால் ஒருத்தி எதைப் பிடித்துக்கொண்டு அழுவது?

திரும்பி வந்தபோது இவர் அட்டையை உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"நீர் எழுதினனீரே?" என்று கேட்டார்.

"ஓம். ஒரு வரி. அவ்வளவுதான்."

"ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"மறந்துபோனன்."

அது உண்மை. ஆனால் சொல்லும்போது எனக்கே பொய் மாதிரிக் கேட்டது. இவர் தலையை ஆட்டினார். முதல் நாள் சொன்ன 'சரி'யை இன்றைக்குச் சொல்லவில்லை.

சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அது எனக்குத் தெரிந்த தொழில். இவர் அப்படிச் செய்யவில்லை. காலையில் கோப்பி போட்டுத் தந்தார். வேலைக்குப் போனார், வந்தார். முதுகு நோகிறதா என்று கேட்டார். றெஜினாவுக்கு உள்ளதை எழுதுங்கோ என்று நான் சொன்னபோது, "அவ நிம்மதியா இருக்கிறா. அதைக் கிளறி என்ன?" என்றார். நீல உடுப்புக்காரியை அல்பத்தில் வைக்கவில்லை. அவள் உறைக்குள்ளேயே மேசை லாச்சியில் கிடந்தாள். முதல் இடம் வெறுமையாகவே இருந்தது. 'ஆரும் வேணுமெண்டு செய்யேல்லை' என்ற வசனத்தை அதன்பிறகு அவர் வாயில் நான் கேட்கவில்லை. என் தமையன் அவரிடமிருந்து றெஜினாவை மட்டும் பறிக்கவில்லை. இத்தனை வருடம் அவரைத் தாங்கின அந்த வசனத்தையும் பறித்துவிட்டார். கூடவே, 'அவர் நம்புவார்' என்ற என்னுடைய வசனத்தையும்.

வியாழக்கிழமை தபாலில் இன்னொரு அட்டை வந்தது. டென்மார்க்கில் ஒரு வயோதிபரிடம் இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லிவைத்தது. இரண்டு பெண்கள் எதிரெதிரே இருந்து தேநீர் ஊற்றுகிற படம். இவர் உறையைப் பிரித்தார். நான் பழக்கத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தேன்.

இவர் அட்டையை என்னிடம் நீட்டவில்லை. வெளிச்சப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, விளக்கைப் போட்டு, அட்டையை அதன்மேல் வைத்தார். படப் பக்கம் மேலே இருந்தது. அப்படி வைத்தால் நிறம் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

"தாங்கோ, நான் பாக்கிறன்" என்றேன்.

"இல்லை, ரஞ்சி. நானும் பழகத்தானே வேணும்."

கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு, மூக்கு அட்டையில் முட்டும் அளவுக்குக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு "நல்ல கார்ட்தான்" என்று சொல்லி, அல்பத்தைத் திறந்து கடைசிப் பக்கத்தில் செருகினார். அவர் தூக்கிச் செருகும்போது பின்பக்கம் பார்த்தேன், அட்டையின் வலது மூலையில் ஒட்டுப் போட்டிருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தே எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை.